வடக்குப்பட்டில் எல்லோரும் வந்தார்கள்

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். கோடாலித் தைலமும் மைலோ டப்பாவும் இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார். உள்ளே முழுக்க முழுக்கச் சின்னச் சின்ன பிரஷ்கள், மூடி போட்ட குழாய்கள். ஒரு பிரஷ்ஷை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, பெயின்ட் கான்ட்ராக்டா?"

"கர்ப்பப்பை வாயில தடவி எடுக்கிறதுக்கு சார்," என்றேன்.

கை சுட்டுவிட்டது போல அதைக் கீழே போட்டார். பெட்டிமேல் சாக்கட்டியால் அவசரமாக ஒரு கோடு கிழித்து, "போங்கம்மா, போங்க," என்றார். எனக்குப் பின்னால் நின்றவருடைய பெட்டியை முழுசாகக் கொட்டிக் கவிழ்த்தார்கள். நான் நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தேன்.

1991 பிப்ரவரி அது. நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். கோலாலம்பூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய்களோடு பத்து வருடம் குடித்தனம் நடத்தியவள். அங்கே என்னைவிடக் கெட்டிக்காரிகள் இரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால் இந்தியாவுக்கு அனுப்ப வேறு ஆள் இல்லை. இந்தப் பின்பாதியை மட்டும் விட்டுவிட்டு, "என்னைத்தான் அனுப்புகிறார்கள்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வேலை என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். கை கால்களில் மரு வரவழைக்கிற கிருமிகளுக்குப் பங்காளி ஒன்று உண்டு, அது குடியேறுவது கர்ப்பப்பை வாயில். பெரும்பாலும் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போய்விடுகிறது. சிலரிடம் மட்டும் போகாமல் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது என்று டாக்டர்கள் அப்போதுதான் அழுத்தமாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள். சரி, ஒரு நாட்டில் எத்தனை பெண்களிடம் அது இருக்கிறது? யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை எண்ணினால் அது நோயாளிகளின் எண்ணிக்கை. நாட்டின் எண்ணிக்கை வேண்டுமென்றால், ஒரு தொந்தரவும் இல்லாமல் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருக்கிற பெண்ணையும் தேடிப்போக வேண்டும். எங்கள் நாட்டில் அதைச் செய்தோம். இந்தியாவின் பங்குக்குச் சென்னையில் டாக்டர் ரேவதி தொடங்கியிருந்தார். குழாய்களைச் சோதிக்கும் வசதி எங்களிடம் இருந்ததால் நான் பெட்டியோடு வந்தேன்.

முதல் நாள் காலையில் தாம்பரத்திலிருந்து ஜீப்பில் கிளம்பினோம். டாக்டர் ரேவதி ஒல்லியானவர், ஐம்பது வயதிருக்கும், குரல் மட்டும் பெரிது. படப்பையில் ஸ்டெல்லா சிஸ்டர் ஏறிக்கொண்டார். வடக்குப்பட்டு நர்ஸ் பிரசவ விடுப்பில் இருந்ததால் படப்பை நர்ஸ் ஸ்டெல்லாவை இரவல் கொடுத்திருந்தார்கள். மடியில் எலுமிச்சைச் சாத அடுக்கு, காலடியில் படப்பை ஐஸ் பாக்டரியில் வாங்கிய ஐஸ் பாளம் கிடந்த மரத்தூள் மூட்டை. அவர் கால் விரல்கள் நீலமாகிக்கொண்டிருந்தும் வழியெல்லாம் பேசினார்.

எங்கள் ஊரில் சாலை என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மரமோ செம்பனையோ வரிசை பிடித்து நிற்கும், கண்ணுக்குத் தப்ப வழியில்லை. இங்கே ஏரி வந்தது, பனை வந்தது, ஒன்றுமே இல்லாத வெளி வந்தது, நடுவில் ஒரு புதுக் கம்பெனியின் மதில் வந்தது, திரும்ப ஏரி வந்தது. ஒரகடம் கூட்டுரோட்டில் டீ குடித்தோம். சர்க்கரை எங்கள் ஊர் அளவுதான், ஆனால் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். இதற்காகவே இன்னொரு முறை விமானம் ஏறலாம் என்றேன். டீக்கடைக்காரர் காது கேட்காதவர் மாதிரி இருந்துவிட்டு, அடுத்த கிளாஸை நுரை ததும்ப ஆற்றிக் கொடுத்தார்.

வடக்குப்பட்டில் பள்ளிக்கூடத்து அறை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். நடுவில் இரண்டு புடவைகளைத் தொங்கவிட்டு மறைப்பு. மறைப்புக்கு அந்தப் பக்கம் டாக்டரும் ஒரு மேஜையும். இந்தப் பக்கம் நான், குழாய்கள், ஐஸ் பெட்டி. வாசலில் பட்டியலோடு ஸ்டெல்லா. வாக்காளர் பட்டியலை வைத்து ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு எடுத்திருந்தோம். அந்த வீட்டில் கல்யாணமான ஒரு பெண். பக்கத்து வீட்டுக்காரி ஆசைப்பட்டாலும் கிடையாது.

டாக்டர் முதலில் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். சுற்றி வளைக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி உறவில்தான் தொற்றுகிறது என்றதும் அறையில் ஒரு சலசலப்பு.

"அப்போ யாராண்டருந்து வந்துச்சுன்னு கேப்பாங்களே?" என்று ஒருத்தி எழுந்தாள். ஆள் வாட்டசாட்டம், மூக்குத்தி இரண்டு பக்கமும்.

"கேட்டாலும் பதில் இல்லம்மா. வருஷக்கணக்குல உள்ளேயே தூங்கிட்டு இருக்கும். புருஷன்கிட்ட இருந்ததா, எப்போ வந்ததான்னு எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. சளி பிடிச்சா யாரால பிடிச்சதுன்னா கேக்குறோம்? எத்தனை பேருக்கு இருக்குன்னு எண்ணிட்டா, இது ஊர்ல உலகத்துல எல்லாருக்கும் வர்றதுதான்னு தைரியமா சொல்லலாம். அதுக்குத்தான் எண்ணுறோம்."

அந்தப் பெண் தலையாட்டினாள். பெயர் கேட்டதற்குத் தனலட்சுமி என்றாள். பட்டியலில் இருந்தது. கைநாட்டு வைத்துவிட்டு முதல் ஆளாக மறைப்புக்குள் போனாள். அவள் போனதும் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது.

அன்றைக்கு அழைத்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். மறுநாளும் அப்படியே. கிள்ளானில் இதே கணக்கெடுப்புக்கு, படித்த பெண்களை, வேலைக்குப் போகிற பெண்களைக் கடிதம் போட்டு, தொலைபேசியில் கெஞ்சி அழைத்தும் பாதிப் பேர்தான் எட்டிப் பார்த்தார்கள். இங்கே களை எடுத்த சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த மதியம் ஒருத்தி எனக்கு வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் கொடுத்து, "மல்லாட்டை துன்னுங்க மலேசியாக்கா," என்றபோது, அந்த ஊர் இதுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

சாயங்காலம் தாம்பரத்தில் மஞ்சள் பலகை மாட்டிய தொலைபேசிக் கடையிலிருந்து கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் சீனர், பேச்சை அளந்துதான் விடுவார். "ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள்!" என்று கத்தினேன். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

"ஒருவர்கூட விடாமலா?" என்றார் அவர் ஆங்கிலத்தில். "நான் முப்பது வருடமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒருவர்கூட விடாமல் வந்ததே கிடையாதே."

பொறாமை என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

மூன்றாம் நாள் ஸ்டெல்லாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கைநாட்டு வாங்கும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். "சாவித்திரி" என்று கூப்பிட்டேன். ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கட்டைவிரலில் மை தடவ அவள் கையைப் பிடித்தேன். வளையல் மேலே ஏறியது. முன்கையில் பச்சை குத்தியிருந்தது. ஒரு தேள், அதன் கீழே கோணல் எழுத்தில் "முனியம்மா".

"இது யார் பேரு?"

"எம் பேருதான்."

"அப்போ சாவித்திரி?"

"சாவித்திரி அவங்க அம்மா வூட்டுக்குப் பூட்டா. அவ பேருக்கு நான் வந்துகீறேன்."

நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் மூக்குத்தி. முதல் நாள் முதல் ஆளாக உள்ளே போன தனலட்சுமி!

"தனலட்சுமியும் நீங்கதானே?"

"அவ என் ஓரகத்தி. என் கொழுந்தன் பொண்டாட்டி. அவளுக்கும் நான்தான் வந்தேன்," என்றாள், ஏதோ உதவி செய்ததை நானாகக் கண்டுபிடித்துவிட்ட மாதிரிக் கூச்சப்பட்டுக்கொண்டு. "லிஸ்ட்டுல பேரு கீது, ஆளு காணோம்னா ஊருக்குத்தான கெட்ட பேரு? அவ்ளோ தூரம் கடல் தாண்டி வந்துகீறீங்க, எடம் காலியா கீதுன்னு உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்காது?"

மறைப்பை விலக்கிக்கொண்டு டாக்டர் வந்தார். "நான் முகத்தை எங்கே பார்த்தேன்," என்று நெற்றியில் கை வைத்தார். வரிசையில் நின்றவர்களிடம் ஸ்டெல்லா கிசுகிசுத்த குரலில் விசாரித்தார். ஒளிவுமறைவே இல்லை. நான் இன்னாருக்காக, நான் இன்னாருக்காக என்று ஏழெட்டுப் பேர் கை தூக்கினார்கள். "ரேஷன் கடையில அவ கார்டுக்கு நான் நிப்பேன், என் கார்டுக்கு அவ நிப்பா. அத்த மாதிரிதான?" என்றாள் முனியம்மா.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் கோபம் பாதி அவர்கள்மேல், பாதி அந்தத் தொலைபேசிக் கடைமேல். "ரேஷன் சர்க்கரை யார் வாங்கினாலும் சர்க்கரைதான்! உங்க உடம்பு அவங்க உடம்பாகுமா? மூணு நாள் வேலையும் பாழ்! இந்தக் குழாயில எது யாருதுன்னு நான் எதைக் கண்டேன்?" என்று கத்தினேன். யாரும் அழவில்லை. முறைத்தார்கள். உதவிக்கு வந்தவளைத் திட்டினால் வேறெப்படிப் பார்ப்பார்கள்? டாக்டர் என் தோளில் கை வைத்து அழுத்தினார்.

முனியம்மா மட்டும் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ எனக்கு ஒண்ணுமில்லன்னா, தனலட்சுமிக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிடுவீங்களா?"

"எழுதியாச்சு," என்றார் டாக்டர். "முதல் நாளே. பார்த்த வரைக்கும் கர்ப்பப்பை வாய் சுத்தமா இருக்குன்னு உங்க கையில சீட்டு கொடுத்தேனே."

"அந்தச் சீட்ட அவளாண்ட குடுத்தேன். சாமி படத்தாண்ட வெச்சிருக்கா." முனியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். தனலட்சுமி வெளியூர் எங்கும் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறாள். ஆறு மாதமாக அவளுக்கு நாள் தவறி நாள் ரத்தம் படுகிறது. புருஷன் பக்கத்தில் வந்தாலே படுகிறது. துணியை விடிவதற்குமுன் துவைத்துப் போட்டுவிடுகிறாள். இது கெட்ட நடத்தையால் வருகிற நோய் என்று எவளோ காதில் ஓதியிருக்கிறாள், அதனால் டாக்டர் என்றாலே நடுங்குகிறாள். "நான் போய்ட்டு வந்தா அவளுக்கும் ஒரு சீட்டு கெடைக்கும், மனசு தேறிடுவான்னு நெனச்சேன்."

டாக்டர் முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது. யாரைத் தேடி வந்தோமோ, அந்த ஆளைத்தான் நாங்கள் நன்றாக இருக்கிறாள் என்று எழுதிச் சாமி படத்தருகே வைத்துவிட்டோம்.

"நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு," என்றார் டாக்டர். "பட்டியல்ல இருக்கிறவங்க எல்லாரும் அவங்கவங்களே வரணும். ஊர்ல இல்லாதவங்க இல்லைன்னே இருக்கட்டும். தனலட்சுமி மட்டும் கட்டாயம் வரணும்."

"இஸ்துகினு வரேன்," என்று எழுந்தாள் முனியம்மா.

நான்காம் நாள் காலை ஜீப் ஒரகடம் கூட்டுரோட்டில் உயிரை விட்டது. அச்சு முறிந்து, முன்சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எருமை படுத்த மாதிரிப் படுத்துவிட்டது. வடக்குப்பட்டுக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது. ஐஸ் உருகிச் சாலையில் கோடு போட்டது. மறுநாள் எனக்கு விமானம். எங்கள் ஊராக இருந்தால் ஒரு டாக்சியைக் கூப்பிட்டிருப்பேன் என்று புலம்பினேன். "இது உங்க ஊர் இல்லியே மேடம்," என்றார் ஸ்டெல்லா, திரும்பி வந்த குரலில். சைக்கிளில் போன ஒருவரிடம் ஊருக்குத் தகவல் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் பாட்டுக்குச் சாலையைக் கடந்து போய், அங்கிருந்த சின்னக் கிறிஸ்துவக் கோயிலின் உபதேசியாரிடம் ஞாயிறு வகுப்பு நடக்கும் அறைச் சாவியை வாங்கி வந்தார். டீக்கடைக்காரர் சோடாப் பெட்டியிலிருந்த ஐஸை அப்படியே எங்கள் பெட்டியில் கொட்டினார். புடவைகளை மறுபடி கட்டினோம். காத்திருந்தோம்.

பத்து மணிக்கு ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டி. ஜன்னல்களில் எல்லாம் பெண் தலைகள். டிரைவர் வடக்குப்பட்டுக்காரராம். முன் இருக்கையில் ஒரு சூப்பர்வைசர், அவரும் அதே ஊராம், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"கம்பெனி வண்டிம்மா, எனக்கு மெமோ குடுத்துடுவாங்கம்மா!" என்றார் கடைசியில்.

"உன் பொண்டாட்டி பேரும் லிஸ்ட்டுல கீது, கம்னு குந்து," என்றாள் முனியம்மா.

பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். நான் பட்டியலைத் திறப்பதற்குள் ஒவ்வொருத்தியும் இடது கையை நீட்டினாள். சிலர் முன்கையில் பச்சை குத்திய பெயர். பச்சை இல்லாதவர்கள் கையில் ரேஷன் கார்டு. "பாத்துக்கோ, நான் நான்தான்," என்று ஒருத்தி என் மூக்குக்கு நேரே கையை ஆட்டினாள். நேற்றுத் திட்டியதற்குப் பழிவாங்கல். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் கொஞ்சம் செய்தேன்.

தனலட்சுமி மட்டும் இறங்கவில்லை. கடைசி இருக்கையில் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள். சின்ன உருவம், வெளிறிய உதடு. முனியம்மா கெஞ்சினாள், அதட்டினாள். டாக்டர் வந்து பேசினார். கை கம்பியை விடவில்லை. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், டிரைவர் என்ஜினை முடுக்கினார். இப்படியே திரும்பிப் போய்விட்டால் அவ்வளவுதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

நான் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று உட்காரும்வரை எனக்கே தெரியாது.

"இந்தக் கிருமி எனக்கும் இருந்துச்சு," என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

உண்மைதான். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதனையைப் பழகுவதற்காக முதலில் எங்களிடமிருந்தே எடுத்தோம். குழாய்களில் பெயர் கிடையாது, எண் மட்டும். ஆனால் என் எண் எனக்குத் தெரியுமே. கிருமி இருந்தால் சோதனைத் தாளில் கறுப்புப் புள்ளி விழும். என் எண்ணுக்கு அது விழுந்த நாளில் கழிப்பறையில் போய் நின்று அழுதேன். பெருமை பேசுகிற வாய், இதை மட்டும் ஒருவரிடமும் பேசவில்லை.

"உங்களுக்கா? படிச்சவங்களுக்கும் வருமா?"

"படிப்பைப் பார்த்தா வருது? ஆறு மாசம் கழிச்சு எனக்குத் தானாப் போயிடுச்சு. உங்களுக்கு இருக்கா, போச்சா, வேற ஏதாவதான்னு பார்த்தாத்தான் தெரியும்."

"உங்க வூட்டுக்காரரு இன்னா சொன்னாரு?"

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். சாதுவான மனிதர். "அவர்கிட்ட நான் சொல்லவே இல்ல," என்றேன்.

தனலட்சுமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உதட்டோரம் லேசாக அசைந்தது.

"அப்போ நீங்களும் என்னாட்டந்தான்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

படியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மேஜைக்கு வந்து கையை நீட்டினாள். பச்சையும் இல்லை, கார்டும் இல்லை. "இவதான் தனலட்சுமி, நான் சாட்சி," என்றாள் முனியம்மா. குழாயில் அவள் பெயரை எழுதி ஒட்டினேன்.

டாக்டர் வெகு நேரம் கழித்து வெளியே வந்தார். கர்ப்பப்பை வாயில் புண் இருக்கிறது, சின்னது, இன்னும் பரவிய மாதிரித் தெரியவில்லை என்றார். "இப்பவே வந்துட்டாங்க. ஆபரேஷன்ல சரி பண்ண வாய்ப்பு நிறைய இருக்கு. ஒரு வருஷம் போயிருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்." மறுநாளே சென்னைக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. முனியம்மா கூடப் போகிறாள்.

"எம் பேருக்கு ஒண்ணு எடுக்கலியே?" என்றாள் முனியம்மா என்னிடம். அவள் வீடு பட்டியலில் இல்லை. அவளிடமிருந்து எடுத்ததெல்லாம் மற்றவர்கள் பெயரில் போய்க் குப்பைக்கும் போய்விட்டது. எண்ணிக்கையில் சேராது என்று தெரிந்தும் ஒரு குழாய் எடுத்து, முனியம்மா என்று எழுதி, ஐஸில் வைத்தேன். அதைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

அன்று சாயங்காலம் அதே தொலைபேசிக் கடை. "எல்லோரும் வரவில்லை," என்றேன் பெரிய டாக்டரிடம். "நாலு இடம் காலி." இந்த முறை கத்தவில்லை.

"அப்படியென்றால் நம்பலாம்," என்றார் அவர்.

ஊர் திரும்பிய அன்றே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தி, "இதையா ஒரு வருஷம் தனியா சுமந்தே?" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார். குழாய்களைச் சோதித்து முடித்தோம். வந்த எண் என்னவென்று சொல்வது டாக்டர்கள் வேலை, நான் சொல்ல மாட்டேன். கிள்ளானின் படித்த பெண்களையும் வடக்குப்பட்டின் களை எடுக்கும் பெண்களையும் அந்தக் கறுப்புப் புள்ளிகளை வைத்து என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். சுவரில் மாட்டிய பெரிய தாளில் வடக்குப்பட்டு வரிசைக்கு எதிரே நாலு கட்டம் வெறுமையாக இருக்கிறது. யார் வந்தாலும் அந்த வரிசையைத்தான் முதலில் காட்டுகிறேன்.

ஆறேழு மாதம் கழித்து ஸ்டெல்லாவிடமிருந்து கடிதம் வந்தது. தனலட்சுமிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இரண்டு முறை பரிசோதனைக்கும் போய்வந்துவிட்டாளாம். டாக்டர் புதுச் சீட்டு கொடுத்திருக்கிறாராம், இந்த முறை அவளுடையது. மழையில் வழுக்கி விழுந்து முனியம்மாவுக்குக் கால் சுளுக்காம். ஆகையால் ரேஷன் கடையில் முனியம்மா கார்டுக்கு இப்போது தனலட்சுமிதான் வரிசையில் நிற்கிறாளாம்.